நிழலில்லாத மேகம்

முப்பத்தைந்து வயதில் ‘ஓய்வு பெற்றுவிட்டேன்’ என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். ஒரு தொழிலை விட்டு வெளியே வந்து, இனி அதற்குள் திரும்ப முடியாது என்று தெரிந்த பிறகு அதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் நான் செய்த வேலை இதுதான்: செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஆண்டுக்கொரு முறை, நாடு முழுவதற்கும் ஒரு வரைபடம் போடுவது. எது காடு, எது செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை, எது ரப்பர், எது ஊர், எது தண்ணீர், எது வெறும் மண். போன ஆண்டு காடாக இருந்த இடம் இந்த ஆண்டு என்ன ஆயிற்று.

போன மாதம் ஹேமா என்ற பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான் விட்டு வந்த பிறகு அந்த அலுவலகத்தில் சேர்ந்தவள். நேரில் பார்த்ததில்லை.

“அக்கா, வியாழக்கிழமை கூடுற மேசையை எடுத்துட்டாங்க. இனிமே மெஷினே எல்லாத்தையும் பிரிச்சுடுமாம். அந்த மேசையில நீங்கல்லாம் என்னதான் செஞ்சீங்கன்னு எங்கயும் எழுதி வைக்கல. நீங்க எழுதுங்களேன் லா.”

மூன்று நாள் பதில் போடவில்லை. நான்காம் நாள் ஒரு தாளை எடுத்து, அந்த வேலையில் நான் இப்போதும் ஏங்குகிறவை எவை என்று வரிசையாக எழுதினேன். காலையில் புதிய படம் முதன்முதலாகத் திரையில் விரிகிற அந்தச் சில நொடிகள். அகச்சிவப்புப் படத்தில் பச்சை எல்லாம் சிவப்பாகத் தெரியும்போது எங்கள் ஜொகூர் மாநிலத்தின் தோட்டங்கள் நெய்த துணிபோல இருப்பது. ஒரு நதி தன் பாதையைச் சற்றே மாற்றிக்கொண்டதை நாட்டில் வேறு யாருக்கும் முன்னால் நான் பார்த்துவிட்ட உணர்வு. கடைசியாக ஆச்சியின் குரல். அந்த நாலாவது வரியில் கை நின்றுவிட்டது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜொகூரின் தெப்ராவில் ஓர் அடுக்குமாடியில் வளர்ந்தேன். அப்பா அங்கேயே ஒரு தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டினார். ஸ்கூடாயில் பல்கலைக்கழகம், அதை முடித்ததும் அதே ஊரில் வேலை. அலுவலகம் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தது, கீழே டயர் கடை. டயர் கழற்றும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் எங்கள் திரைகள் லேசாக நடுங்கும்.

சரிபார்ப்புப் பிரிவின் தலைவர் அழகம்மை. செட்டிநாட்டு வழிவந்த குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் வியாபாரத்தில், இவர் மட்டும் வரைபடத்தில். செட்டிநாட்டு வழக்கில் பெண்களை மரியாதையாக அழைக்கிறபடி நாங்கள் ‘ஆச்சி’ என்று கூப்பிட்டோம். மலாய், சீனத் தோழர்களும் அதையே அவருடைய பெயர் என்று நினைத்து ‘ஆச்சி’ என்றார்கள். அவரும் திருத்தவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. குளிரூட்டிக்குப் பயந்து எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார்.

அவர் யாரையும் ‘தப்பு’ என்று சொல்லமாட்டார். அடுத்தவர் கணினியின் சுட்டியைத் தொடவும் மாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் ஓர் இடத்தைக் காட்டி ‘இது காடு’ என்றால், “எதை வச்சு சொல்றே?” என்பார். காரணம் சொன்னால், “இன்னொரு தேதி திற” என்பார். அதே இடத்தின் வேறொரு நாள் படத்தைத் திறக்க வேண்டும். மூன்றாவது தேதி திறப்பதற்குள் நம் பிழை நமக்கே தெரிந்துவிடும். அவர் அதற்குள் அடுத்த நாற்காலிக்குப் போயிருப்பார்.

சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு பெரிய ரப்பர் தோட்டம் முழுவதையும் ‘மரம் வெட்டப்பட்ட நிலம்’ என்று நான் குறித்துவிட்டேன். பிப்ரவரிப் படம் அது. ரப்பர் இலையுதிர்க்கும் காலம். ஆச்சி பின்னால் வந்து நின்றார்.

“எதை வச்சு சொல்றே?”

“இலையே இல்ல ஆச்சி. மண்ணுதான் தெரியுது.”

“உங்க வீட்டுக் கொடியில துணி காயலன்னா, வீட்ல ஆளே இல்லன்னு எழுதிடுவியா?”

பக்கத்து நாற்காலிகளில் சிரிப்பு. மே மாதப் படத்தைத் திறந்தேன். தோட்டம் தளதளவென்று இருந்தது.

ஹேமா கேட்ட மேசை பற்றி. வியாழக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் கூடுவோம். ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தனக்குச் சந்தேகமான ஐந்து இடங்களைக் கொண்டுவர வேண்டும். ஒரு சந்தேகமும் இல்லை என்று யாராவது சொன்னால் ஆச்சி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். “நீ இன்னிக்கு ஒண்ணும் பாக்கல, போய்த் தூங்கு” என்பார். படம் முதலில் கறுப்பு வெள்ளையில்தான் காட்டப்படும். கலர் ஆசை காட்டும் என்பது அவர் கட்சி. சிவப்பைப் பார்த்தவுடன் கண் ‘செடி’ என்று முடிவுகட்டிவிடும், வடிவத்தைப் பார்க்காது. கொண்டுவந்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு வெவ்வேறு தேதிகளிலிருந்து இரண்டு காரணங்கள் கிடைத்தால் குறிப்புப் பத்தியில் எழுதி முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் அந்த இடம், கொண்டுவந்தவரின் பெயரோடு, சந்தேகப் பட்டியலில் ஏறும். அடுத்த ஆண்டும் அது அங்கேயே இருக்கும். பட்டியலில் பெயர் இருப்பது அவமானமில்லை. நான் வெட்கப்பட வேண்டிய ஒரே வரி, நான் கவனிக்காமல் தாண்டிப் போன வரி. அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டை மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு மேகம்தான் பெரிய தொல்லை. முழுத் தெளிவான படம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால் ஓர் ஆண்டின் எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேகம் உள்ள துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்திலிருந்து ஒரு படத்தைச் சேர்ப்போம். எது மேகம் என்று சொல்வது ஒரு நிரல். நாங்கள் அதைச் சல்லடை என்போம். மிகப் பிரகாசமாக, மிக வெள்ளையாக இருந்தால் அதற்கு மேகம். மேகம் குளிர்ந்தது என்பதை வைத்தும் பிரிக்கலாம். ஆனால் நாங்கள் பயன்படுத்திய நுண்ணிய படத்தில் வெப்பம் அளக்கும் வசதி கிடையாது.

மலைமுகடுகளில் ஆண்டு முழுவதும் மேகம் நிற்கும். அங்கெல்லாம் வரைபடத்தில் ஓட்டை விழும். வரைபடம் வாங்குகிறவர்களுக்கு ஓட்டை பிடிக்காது. என் மூன்றாம் ஆண்டில் அதற்கு நான் ஒரு விதி எழுதினேன். ஓர் இடம் ஆண்டின் கிட்டத்தட்ட எல்லாப் படங்களிலும் மேகம் என்றே வந்தால், சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதைக்கொண்டு நிரப்பு. சுற்றிலும் காடென்றால் அதுவும் காடு. மலைகளில் சோதித்தோம். அழகாக வேலை செய்தது. ஓட்டைகள் மறைந்தன. அலுவலகத்தில் அதற்குப் ‘புனிதா ரூல்’ என்றே பெயர் வைத்தார்கள். என் பெயர் ஒரு நாட்டின் வரைபடத்துக்குள் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லி அவரை அழவைத்தேன்.

அந்த வியாழக்கிழமை ஆச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“மலையில சரி. சமவெளியில ஒரே எடத்துல வருஷம் பூரா மேகம் ஏன் நிக்கணும்?”

“சின்னச் சின்ன எடம்தான் ஆச்சி. மொத்தத்துல கணக்குலயே வராது.”

 அவர் அந்தக் கேள்வியை அப்படியே சந்தேகப் பட்டியலில் ஏற்றி, பக்கத்தில் என் பெயரைப் போட்டார். ஒவ்வோர் ஆண்டும் பட்டியல் புதிதாகும்போது அது முதல் வரியாக வரும். ஒவ்வோர் ஆண்டும் நான் இரண்டாம் வரியிலிருந்து படிப்பேன்.

பதினோராம் ஆண்டு, களச் சோதனை. வரைபடம் எவ்வளவு சரி என்று பார்க்க, கணினி நாடு முழுவதும் குருட்டாம்போக்கில் சில இடங்களைப் பொறுக்கித் தரும். அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த முறை ஓர் இடம் பெக்கோக் ஊர்ப் பக்கம் விழுந்தது. களப் பணிக்கு என்னோடு வருகிறவர் அஸ்மான். தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரர், தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். அண்ணன் முறையில் அவரைப் ‘பாங்’ என்று கூப்பிடுவேன்.

செம்பனைக்கு நடுவே ஒரு மண்பாதையில் வண்டியை நிறுத்தினார். “எறங்கு தங்கச்சி. படத்துல என்ன போட்டிருக்கு?”

“செம்பனை.”

“அலமாக்,” என்று மலாயில் ஓர் ‘அடடா’ போட்டார் அவர், முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே.

எதிரே வெள்ளை வெளேரென்று நீளமான பிளாஸ்டிக் கூரைகள். மூன்று வரிசை. கண் கூசியது. கூரைக்குக் கீழே தரையிலும் வெள்ளை விரிப்பு, அதன்மேல் பைகளில் வரிசை வரிசையாக மிளகாய்ச் செடிகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தண்ணீர்க் குழாய். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கையுறையைக் கழற்றியபடி எங்களை நோக்கி வந்தார்.

“நில ஆபீஸா?”

“இல்லக்கா. மேப் போடறவங்க. சும்மா பாத்துட்டுப் போயிருவோம்,” என்றேன்.

“மேப்பா?” அவர் முகம் மாறியது. “இருங்க, வரேன்.”

அவர் பெயர் சரோஜா. முன்பு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தோட்டங்களிலிருந்து வெளியே வந்த ஆறு குடும்பங்கள் சேர்ந்து, சும்மா கிடந்த அரசு நிலத்தில் இந்த மிளகாயைப் போட்டிருந்தார்கள். ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. கொட்டகைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே இருந்த தாள்கள் எங்கள் வரைபடங்கள். அந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

“ஒரு கம்பெனி இந்த நெலத்தக் கேட்டு மனு போட்டிருக்கு. நாங்களும் தற்காலிக அனுமதி கேட்டுப் போட்டோம். அஞ்சு வருஷத்துக்கு மேல பயிர் வச்சதுக்கு அத்தாட்சி குடுத்தா யோசிக்கிறோம்னாங்க. நில ஆபீஸ்ல விசாரணை வச்சிருக்காங்க, அந்தக் கம்பெனி அங்க இதக் கொண்டாந்து வச்சிருச்சு. பாருங்க, ஏழு வருஷம், ஏழு படம். எல்லாத்துலயும் செம்பனை. யாரோட செம்பனையோ வளந்து நிக்குதாம், நாங்க நேத்திக்கு வந்து பிளாஸ்டிக்கக் கட்டிட்டோமாம்.”

“உங்ககிட்ட போட்டோ ஒண்ணும் இல்லையாக்கா?” என்று கேட்டார் அஸ்மான்.

“போன்ல நெறைய இருக்கு. எந்த எடத்துல எடுத்ததுன்னு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. மிளகாச் செடி எங்க இருந்தாலும் மிளகாச் செடிதானே?” தாள்களை உறைக்குள் திருப்பி வைத்தார். “இதப் போட்டவங்க ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருக்கக் கூடாதா தங்கச்சி? ஒரே ஒரு தடவ?”

அஸ்மான் தன் காலணியைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

“நான்தான்கா போட்டேன்.”

சரோஜா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றிருந்தேன்.

“அப்ப உள்ள வா. ஏன் வெயில்ல நிக்கிறே? நீ போட்ட செம்பனைக்கு அடியில நல்லா நெழலா இருக்கும்.”

அஸ்மான் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். நாங்கள் உள்ளே போனோம். மழை இலைமேல் விழுந்தால் நோய் வரும், அதற்குத்தான் கூரை என்றார் சரோஜா அக்கா. தரை விரிப்பு வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பும், இலைக்கு அடியில் பூச்சி தங்காது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. வெயில் எவ்வளவுக்கு அடிக்கிறதோ அவ்வளவுக்கு இது மேகம். சல்லடை ஒவ்வொரு படத்திலும் இதை வெட்டி எறிந்திருக்கிறது. மிஞ்சிய ஓட்டையை என் விதி சுற்றியிருந்த செம்பனையால் நிரப்பியிருக்கிறது.

“விசாரணை என்னிக்கு?” என்று கேட்டேன்.

“இன்னும் பன்னண்டு நாள்.”

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். அந்த இடத்தின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் திறந்தேன். நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. ஓரங்கள் நேராக இருந்தன. அடுத்த தேதி, அதே இடம், அதே வடிவம். மேகமென்றால் தரையில் அதற்கு ஒரு நிழல் விழ வேண்டும். படம் எடுக்கிற காலை நேரத்தில் சூரியன் கிழக்கே இருக்கும், நிழல் மேற்கே தள்ளி ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும். இதற்கு மேற்கே செம்பனைகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன.

அவர்கள் வந்த முதல் ஆண்டுப் படத்தில் ஒரு சின்னச் சதுரம். மூன்றாம் ஆண்டில் பக்கத்தில் இன்னொன்று. ஐந்தாம் ஆண்டில் மூன்றாவது. ஆறு குடும்பங்கள் கம்பு நட்டு, கம்பி இழுத்து, பிளாஸ்டிக் விரித்த ஒவ்வொரு கட்டமும் தேதியோடு அங்கே இருந்தது. அவர்கள் தேடிய அத்தாட்சி முழுவதும் நாங்கள் எறிந்த குப்பையில் கிடந்தது.

ஆச்சி வந்து பின்னால் நின்றார். வெள்ளைத் திட்டை விரலால் காட்டினேன்.

“இன்னொரு தேதி திற,” என்றார். திறந்தேன். “இன்னொண்ணு.” திறந்தேன். எப்போதும் மூன்றோடு நகர்ந்துவிடுகிறவர் அன்று பதினொரு தேதி திறக்கச் சொன்னார். பிறகு, “போதும்.”

தன் மேசைக்குப் போய், சந்தேகப் பட்டியலைத் திறந்து, முதல் வரியைப் படித்தார். அந்த வரியை எனக்கு அவர் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“திருத்தம் போடணும் ஆச்சி.”

“போடணும்.”

“பன்னண்டு நாள்ல.”

“முடியாது. வெளியிட்ட வருஷத்தத் தொடணும்னா குழுவுக்குப் போகணும். ஏழு பதிப்பையும் திரும்ப ஓட்டணும். அடுத்த வருஷம் ஆயிடும்.”

“அந்த ஒரு எடத்துக்கு மட்டும் ஒரு கடிதம் குடுக்கலாமே? ஆபீஸ் தாள்ல.”

“ஒரு எடத்துக்கு மட்டும் கடிதம் குடுத்தா அது மேப் இல்ல புனிதா, சிபாரிசு.” கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்து விட்டுக்கொண்டார். “நாடு பூரா ஒரே ரூல். தப்பா இருந்தாலும் ஒரே மாதிரி தப்பா இருக்கு. திருத்தினாலும் ஒரே மாதிரிதான் திருத்தணும். தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு, தெரியாதவங்களுக்கு ஒண்ணுன்னா இத யாரு நம்புவா?”

தப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் சொன்னது சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சரோஜா அக்காவுக்கு அடுத்த ஆண்டு இல்லை.

இரண்டு நாள் பட்டியல் போட்டேன். ஒரு பக்கம் என்னால் செய்ய முடிந்தவை, மறு பக்கம் அதற்கு ஆகிற விலை. சும்மா இருப்பது ஒன்று. சரோஜா அக்காவுக்கு விஷயத்தை வாயால் சொல்லிவிட்டு ஒதுங்குவது இன்னொன்று, அதற்கு விசாரணையில் மதிப்பிருக்காது. விதியை எழுதியவள் என்ற முறையில் என் சொந்தப் பெயரில் எழுதித் தருவது மூன்றாவது. அந்தப் படங்கள் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியவை, அதில் ரகசியம் இல்லை. ஆனால் எங்கள் வரைபடத்தைப் பற்றி வழக்காடுகிற ஒரு தரப்புக்கு நாங்கள் எதுவும் எழுதக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போட்டவள் நான். அதை மீறிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தால், என்னை அனுப்ப வேண்டிய வேலை ஆச்சியுடையதாகிவிடும். அந்த வேலையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வியாழக்கிழமை மேசை முடிந்து எல்லோரும் எழுந்தபின் இரண்டு தாள்களை அவர் முன்னால் வைத்தேன். ஒன்று விலகல் கடிதம். மற்றது நில அலுவலகத்துக்கு நான் எழுதிய விளக்கம்.

விலகல் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“எதை வச்சு?”

“ரெண்டு காரணம் ஆச்சி. அது என் ரூல். அவங்களுக்கு வேற தேதி இல்ல.”

தலையை மட்டும் அசைத்தார். பிறகு மற்றத் தாளை இழுத்துக்கொண்டார். “இத நான் பாக்கல,” என்றார். சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்தார். என் முதல் பத்தியில் ‘உறுதியாக’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘படங்களில் தெரிகிறபடி’ என்று எழுதினார். ஏழு படங்களுக்கும் எடுத்த நேரத்தைச் சேர்க்கச் சொன்னார். நிழலைப் பற்றிய பத்தி நான்காவதாக இருந்தது, அதை மேலே கொண்டு போனார். கடைசியில், இது அலுவலகத்தின் கருத்து அல்ல என்று நான் எழுதியிருந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டார். தாளை என்னிடம் தள்ளினார். பென்சிலை டப்பாவில் வைத்தார். அரை மணி நேரம் ஆகியிருந்தது.

“நான் பாக்கல,” என்றார் மறுபடி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. ஆறு குடும்பங்களும் வெளியே வராந்தாவில் நின்றிருந்தன. உள்ளே சரோஜா அக்காவும் நானும். எதிரே கம்பெனியின் ஆள். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. என் தாளை நிதானமாகப் படித்துவிட்டுப் படங்களைக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு தேதியாகத் திறந்தேன். மேகம் ஒரே இடத்தில் நிற்பது இங்கே சகஜம்தானே என்றார் கம்பெனியின் ஆள். அதிகாரி திரையை நோக்கிக் குனிந்தார். பிறகு மலாயில் என்னிடம் கேட்டார்: “இதனோட நிழல் எங்க?”

“இல்லங்க,” என்றேன்.

அடுத்த வாரம் அவரே நேரில் போய்ப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து அனுமதி வந்தது, ஓராண்டுக்கு மட்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது அந்த ஆண்டின் வரைபடத்தையும் இணைக்க வேண்டும் என்று நிபந்தனை. சரோஜா அக்கா போனில் அழுதார். உடனே, “இனிமேயாவது ஒழுங்காப் போடச் சொல்லு உன் ஆளுங்கள” என்றார்.

என் ஆட்கள் ஒழுங்காகப் போட்டார்கள். ஆச்சி அந்தத் திருத்தத்தைக் குழுவுக்குக் கொண்டுபோய், ஏழு பதிப்புகளையும் திரும்ப ஓட்டவைத்தார். நிழலில்லாத வெள்ளை எதுவும் கைச் சோதனைக்கு வர வேண்டும் என்று புதிய படி சேர்ந்தது. கோழிப் பண்ணைக் கூரைகள், நாற்றங்கால்கள், நாடு முழுவதும் ஒளிந்திருந்த பலருடைய இடங்கள் வெளியே வந்தன. புனிதா ரூல் நீக்கப்பட்டது. இதையெல்லாம் அவர் ஒரே ஒரு முறை போன் செய்து, அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார். சொல்லி முடித்தபின் வைக்கவில்லை.

“சாப்ட்டியா?” என்றார்.

“சாப்ட்டேன் ஆச்சி.”

“வியாழக்கிழமை எல்லாரும் சுருக்கா எழுந்துடறாங்க. சண்ட போட ஆளில்ல.”

 போன ஆண்டு அவரும் விலகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். நல்ல வேலை, நல்ல ஆட்கள். ஒரு பொருளை எடுத்து, அளந்து, சரி அல்லது சரியில்லை என்று போடுகிறேன். அந்தப் பொருள் அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. விமானத்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தால் கீழே பார்க்கமாட்டேன்.

ஹேமாவின் செய்தி வந்த வாரக் கடைசியில் பெக்கோக் போனேன். நான்காவது கூரை எழும்பிக்கொண்டிருந்தது. மேசையை எடுத்துவிட்டார்கள், இனி எல்லாம் இயந்திரம்தான் என்று சரோஜா அக்காவிடம் சொன்னேன். மிளகாய் பறித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

“அப்ப இந்த வருஷப் படத்துல நாங்க இருப்பமா?”

“தெரியலக்கா.”

“பதினோரு வருஷம் மேல இருந்து பாத்தவ, தெரியலங்கிற?”

“இப்பப் பாக்குறது நான் இல்லயேக்கா.”

அவர் கூடையைப் பக்கத்து வரிசைக்கு நகர்த்திக்கொண்டு மறுபடி பறிக்கத் தொடங்கினார். நான் கூரையை விட்டு வெளியே வந்து மண்பாதையில் நின்றேன். மணி பதினொன்று இருபது. செயற்கைக்கோள் இந்தப் பக்கம் கடக்கும் நாட்கள் இன்னும் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அது வருகிற நாள். அண்ணாந்து பார்த்தேன். செகாமட் ஊர்ப் பக்கத்திலிருந்து கிழக்கே கடல் வரைக்கும் இருக்கும்போலத் தோன்றிய ஒரு நீலம், எங்கும் ஒரு பஞ்சுகூட இல்லை. பதினோரு ஆண்டில் இப்படிப்பட்ட நாள் எனக்கு எத்தனை கிடைத்தது என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவேன்.

இன்னும் சில நிமிடங்களில் அது தலைக்கு மேலே போய்விடும். நாலு கூரை, ஆறு குடும்பம், பாதையில் நிற்கிற நான், எல்லாமே அதற்குள் போவோம். இன்று ராத்திரிக்குள் அந்தப் படம் தரைக்கு வந்துவிடும்.

“அங்க என்ன பாக்குறே?” என்று சரோஜா அக்கா உள்ளிருந்து கத்தினார்.

“ஒண்ணுமில்லக்கா,” என்றேன். அந்த ஒரு படத்தை மட்டும், நிறம் சேர்க்கும் முன், யாரும் பார்ப்பதற்கு முன், நான் திறந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அது கடந்து போகிற வரை அங்கேயே நின்றேன்.